பத்து வீட்டுக்கு ஒரே பாலிகன்

வான்படத்திலிருந்து கட்டடங்களைத் தானாக வரைந்து தரும் மென்பொருள் ஒன்றைச் சில வருடங்களாக வேலைக்குப் பயன்படுத்தி வருகிறேன். இப்போது அதன் விலையைக் குறைத்திருக்கிறார்கள். இதே துறையில் இருக்கும் நண்பர், "வாங்கலாமா? அவங்க போடுற துல்லியச் சதவீதத்தை நம்பலாமா?" என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக எனக்குப் படவில்லை. கம்பெனி பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் குறை இந்த ஒரு தயாரிப்போடு நிற்பதும் இல்லை.

ஆர்த்தோ படத்தையும் (வரைபடம்போல் அளக்கும்படி நேர்செய்த வான்படம்) லைடார் புள்ளிகளையும் (மேலிருந்து லேசர் அடித்து அளந்த உயரப் புள்ளிகள்) கொடுத்தால் பாலிகன் லேயர், அதாவது கட்டடங்களின் எல்லையை மூடிய உருவங்களாக வரைந்த அடுக்கு, வரும் என்பது தெரிந்ததுதான். வேகத்தைப் பற்றிக் குறை சொல்லவே முடியாது. ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து மவுஸால் வரையும் பரப்பை, நாம் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடும். சுற்றிலும் இடம் விட்டுக் கட்டிய தனி வீடுகள் என்றால் கிட்டத்தட்ட கை வைக்கவே தேவையில்லை. மூலைகளைச் செங்கோணமாக நேர்செய்து தரும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எதிர்பாராத சந்தோஷம் மரங்களுக்கு அடியில் கிடைத்தது. படத்தில் வெறும் பச்சையாகத் தெரிந்த ஒரு தோப்புக்குள் அழகாக ஒரு செவ்வகம் வரைந்திருந்தது. களத்துக்குப் போனவர்கள் பார்த்தால், உண்மையிலேயே அங்கே ஒரு ஷெட். லேசர் துடிப்பின் ஒரு பகுதி இலைகளில் பட்டுத் திரும்பும், மீதி இலை இடுக்குகளில் புகுந்து கீழே போய்க் கூரையில் பட்டுத் திரும்பும். இலையில் பட்ட புள்ளிகள் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கும். கூரையில் பட்டவை ஒரே தளத்தில் வரிசையாக உட்காரும். அந்தத் தளத்தை வைத்துத்தான் பிடித்திருக்கிறது. வெறும் படத்தைப் பார்த்து வரையும் எந்த மனிதரும் அந்த ஷெட்டை வரைந்திருக்க வாய்ப்பே இல்லை. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இன்றும் அந்த இடத்தைத்தான் முதலில் திறந்து காட்டுகிறேன்.

இனி எனக்குக் கோபம் வரும் இடம்.

பக்கச் சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் பத்து வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 6 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம், கூரை ஒரே உயரம். மென்பொருள் இதற்கு 60 மீட்டருக்கு 15 மீட்டராக ஒரே ஒரு பாலிகன் போடும். பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டால் இது அற்புதமான முடிவு. கட்டடம் இருக்கும் இடமெல்லாம் கட்டடம் என்று சொல்லியிருக்கிறது, இல்லாத இடத்தில் இல்லை என்று சொல்லியிருக்கிறது. பரப்பளவில் பார்த்தால், வரைந்தது உண்மையோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் ஐஓயூ என்ற எண் கிட்டத்தட்ட 1, அதாவது முழு மதிப்பெண்.

இப்போது அதையே வீடு வீடாக ஒப்பிடுங்கள். ஐஓயூ என்பது இரண்டு உருவங்களும் பொதுவாக மூடும் பரப்பை, இரண்டும் சேர்ந்து மூடும் மொத்தப் பரப்பால் வகுத்தால் வருவது. ஒரு வீட்டின் பரப்பு 90 சதுர மீட்டர், பெரிய பாலிகன் 900. ஆக, ஐஓயூ 0.1. செயற்கைக்கோள் படத்தில் கட்டடம் கண்டுபிடிக்கும் ஸ்பேஸ்நெட் போட்டிகளில் வைத்ததுபோல 0.5 இருந்தால்தான் அந்த வீடு கிடைத்ததாகக் கணக்கு என்று வைத்தால், பத்து வீட்டில் ஒன்றுகூடத் தேறாது. பத்தும் விட்டுப்போனவை, வரைந்த அந்த ஒன்று பொய்க் கட்டடம். ரீகால் (இருப்பதில் எத்தனை கிடைத்தது) பூஜ்யம், பிரிசிஷனும் (வரைந்ததில் எத்தனை சரி) பூஜ்யம்.

அதே வரைபடம்தான். ஒரு கணக்கில் நூற்றுக்கு நூறு, இன்னொரு கணக்கில் பூஜ்யம். கம்பெனி தன் கையேட்டில் அச்சடிப்பது முதல் கணக்கை மட்டும். வெறும் துல்லியம் என்று மொட்டையாக ஒரு சதவீதம் போட்டிருந்தால் இன்னும் மோசம். ஒரு பகுதியில் பத்தில் ஒரு பங்கு நிலம்தான் கட்டடம் என்றால், எங்குமே கட்டடம் இல்லை என்று காலி வரைபடம் கொடுப்பவருக்கும் 90 சதவீதம் கிடைத்துவிடும். ரீகாலையும் பிரிசிஷனையும் சேர்த்துச் சொல்லும் எஃப்1 என்ற எண் 0.9 என்று ஒருவர் போடுவதும், ஐஓயூ 0.82 என்று இன்னொருவர் போடுவதும் ஒரே முடிவுதான். கடையில் பார்த்தால் முதலாமவர்தான் கெட்டிக்காரராகத் தெரிவார்.

புதிய பதிப்பு வந்தபோது துல்லியம் கூடியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். ஒட்டிய வீடுகளைப் பிரிக்கிறதா என்று கேட்டு அனுப்பினேன். பதிலாக மறுபடியும் பரப்பளவுச் சதவீதமே வந்தது, முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாக. அதே தெருவை ஓட்டிப் பார்த்தேன். அதே ஒரு பாலிகன்; ஓரம் மட்டும் முன்பைவிட நேர்த்தி.

இது தீராத சிக்கல் என்றால் நானும் பேசாமல் இருந்துவிடுவேன். காரணம் எல்லோருக்கும் தெரியும். மாடல் ஒவ்வொரு பிக்சலையும் கட்டடமா இல்லையா என்று மட்டும் கேட்கிறது. ஒட்டிய இரண்டு கூரைகளுக்கு நடுவே 'இல்லை' என்று சொல்ல ஒரு பிக்சல்கூடக் கிடையாது, அதனால் எல்லாம் சேர்ந்து ஒரே திட்டாகிவிடுகிறது. உள்ளே ஓடுவது, படத்தைப் பிக்சல் பிக்சலாக வகை பிரிக்கும் யூநெட் வகை மாடல் என்று அவர்களே சொல்கிறார்கள். யூநெட் 2015-இல் வந்ததே நுண்ணோக்கிப் படங்களில் செல்களைப் பிரித்தெடுக்கத்தான். ஒட்டிக்கிடக்கும் செல்களுக்கு நடுவே உள்ள மெல்லிய எல்லைக்குப் பயிற்சியின்போது கூடுதல் எடை கொடுக்கும் வழி அந்த முதல் கட்டுரையிலேயே இருக்கிறது. எல்லையைத் தனி வகையாகக் கற்றுக்கொடுக்கலாம், கட்டடத்தைத் தனித்தனிப் பொருளாகவே கண்டுபிடிக்கும் மாடலுக்கு மாறலாம். லைடார் இருக்கிறவர்களுக்கு மொட்டை மாடியின் நடுச்சுவர்கூட உதவும், ஆனால் புள்ளிகளை 50 செ.மீ. கட்டங்களாக மாற்றும்போதே அந்த மெல்லிய சுவர் கரைந்துபோகிறது. செய்ய வழி இருக்கிறது. செய்யாமல் ஓரத்தை மட்டும் மெருகேற்றிச் சதவீதத்தைக் கூட்டுகிறார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தவறு என்று கணக்கில் வருவதெல்லாம் மென்பொருளின் தவறு இல்லை. ஒப்பிடுவதற்குக் கையில் கிடைக்கும் வரைபடம் பெரும்பாலும் பழையது. இடித்த வீடு அதில் இருக்கும், புதிதாகக் கட்டியது இருக்காது. அப்புறம் படத்தில் கூரை தள்ளித் தெரிவது. சாதாரண ஆர்த்தோ படத்தில் உயரமான கட்டடத்தின் கூரை, அடித்தளத்திலிருந்து தள்ளி விழுந்திருக்கும். படத்தின் நடுவிலிருந்து விலக விலக இது கூடும். மென்பொருள் கூரையை வரைகிறது, சர்வேயர் தரையில் சுவரை அளந்திருக்கிறார். இரண்டு பேரும் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள், ஒப்பீட்டில் மட்டும் இடிக்கும்.

அந்த இடிப்பும் எல்லாரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. பாலிகன் மொத்தமாக ஒரு மீட்டர் கிழக்கே, ஒரு மீட்டர் வடக்கே நகர்ந்துவிட்டது என்று வையுங்கள். 40 மீட்டர் சதுரமான கிடங்குக்கு ஐஓயூ 0.91, யாரும் கவனிக்கவே மாட்டார்கள். 4 மீட்டர் சதுரமான குடிசைக்கு அதே நகர்வில் பொதுப் பரப்பு 9, மொத்தம் 23, ஐஓயூ 0.39. குடிசை கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். ஆக, ஒரே பிழையில் பெரிய கட்டடம் தப்பிக்கிறது, சின்ன வீடு அடிபடுகிறது. மொத்தப் பரப்பில் கிடங்குக்குத்தான் எடை அதிகம் என்பதால் சராசரியிலும் இது வெளியே தெரியாது.

எனக்கு இது வெறும் மதிப்பெண் தகராறு இல்லை. இந்த லேயரை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எத்தனை குடும்பம், எத்தனை குடிநீர் இணைப்பு, வெள்ளம் வந்தால் எத்தனை பேருக்கு இடம் வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரு பாலிகன் ஒரு வீடு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நெருக்கமாக, சின்னச் சின்னதாக, சுவரோடு சுவர் ஒட்டி வாழ்கிறவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. பிழை முழுக்க அவர்கள் தலையில்தான் போய் விழுகிறது. தோட்டத்தோடு தனி வீட்டில் இருப்பவரை இந்த மென்பொருள் ஒருபோதும் விட்டதில்லை.

நேர்மையாகச் சொல்லும் வழக்கம் இந்தத் துறையில் இல்லாமலும் இல்லை. ஜெர்மனியின் ஃபைஹிங்கன் நகரத் தரவை வைத்து வான்பட அளவீட்டுத் துறையின் பன்னாட்டுச் சங்கமான ஐஎஸ்பிஆர்எஸ் நடத்திய ஒப்பீட்டில் முடிவைப் பரப்பளவு வாரியாக, கட்டட வாரியாக, 50 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு மட்டும் என்று பிரித்துப் பிரித்துக் கொடுத்தார்கள். சின்னவற்றைச் சேர்த்தால் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தவுடன் தெரியும். இன்ரியா என்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திடமிருந்து 2017-இல் வந்த வான்படத் தரவுத்தொகுப்பில் பயிற்சிக்கு ஆஸ்டின், சிகாகோ, வியன்னா போன்ற இடங்கள், சோதனைக்கு சான் ஃபிரான்சிஸ்கோ, இன்ஸ்ப்ரூக் என்று வேறு ஊர்கள். பழகிய தெருவிலேயே பரீட்சை வைத்தால் யார்தான் தேற மாட்டார்கள்? கூகுளின் கட்டடத் தரவான ஓப்பன் பில்டிங்ஸ் ஒவ்வொரு பாலிகனுக்கும் நம்பகத்தன்மை எண் ஒன்றைச் சேர்த்தே தருகிறது. எந்த இடத்தில் எந்த எண்ணுக்குக் கீழே வெட்டினால் 90 சதவீதப் பிரிசிஷன் கிடைக்கும் என்பதையும் தனியே தருகிறது. இலவசமாகத் தருகிறவர்கள் இவ்வளவு சொல்லும்போது, காசு வாங்குகிறவர்கள் ஒற்றைச் சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது சரியில்லை.

சரி, நண்பருக்கு. வாங்குவதற்கு முன் உங்கள் ஊர்ப்படத்திலேயே ஒட்டிய வீடுகள் நிறைந்த ஒரு தெரு, சின்ன வீடுகள் உள்ள ஒரு பகுதி, தனி வீடுகள் உள்ள ஒரு பகுதி என்று மூன்று துண்டு கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். பரப்பளவைப் பார்க்காதீர்கள், முதலில் எண்ணுங்கள். தரையில் எத்தனை வீடு, லேயரில் எத்தனை பாலிகன், அவ்வளவுதான். பிறகு வீட்டு அளவு வாரியாக எத்தனை கிடைத்தது, எத்தனை விட்டது என்று ஒரு அட்டவணை கேளுங்கள். தர மறுத்தால் அதுவே பதில்.

என் வேலையில் இதை விட்டுவிடப் போவதில்லை. தனி வீடுகளுக்கும் மரத்தடிக் கட்டடங்களுக்கும் இதைவிட நல்ல கருவி என் கையில் இல்லை. ஒட்டிய தெருக்களை ஆள் வைத்துக் கையால் வெட்டிக்கொள்கிறோம். ஆனாலும் நீங்கள் கேட்டால் என் பதில், இப்போது வாங்காதீர்கள். விலையைக் குறைத்தவர்கள் அந்தப் பத்து வீட்டைப் பிரித்துக் காட்டட்டும், இல்லை பிரிக்காது என்றாவது கையேட்டில் எழுதட்டும். அதுவரை புதிதாக யாருக்கும் இதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை.