ஏரி தெரியும் அறை, எக்கிப் பார்த்தால்

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் பிள்ளைகள் இல்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெளியூர் போனது இதுதான் முதல் தடவை. வாட்ஃபோர்டில் இருக்கும் நாத்தனார், "ரெண்டு நாள்தானே அண்ணி, நான் பாத்துக்கறேன், கிளம்புங்க" என்று சொன்ன அன்றைக்கே, அவள் மனசு மாறுவதற்குள், ஏரியும் மலையுமாக இருக்கும் இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் அறை போட்டுவிட்டேன். போட்டது நான்தான். அதனால் கீழே வரும் திட்டில் பாதி எனக்கு.

அங்கே வின்டர்மியர் என்ற ஊரில் ஒரு விருந்தினர் இல்லம். பெயர் வேண்டாம், நடத்துகிற அம்மா நல்லவர். அறை வாடகைக்கு மேல் 60 பவுண்டு கொடுத்தால் 'ரொமான்டிக் பேக்கேஜ்': ரோஜா இதழ், ப்ரொசெக்கோ என்ற நுரைக்கும் ஒயின், சாக்லேட், கடைசி நாள் பன்னிரண்டு மணி வரை அறை. ஏரி தெரியும் அறை என்று அதற்கும் தனியாக ஒரு தொகை.

கதவைத் திறந்தால் கட்டிலில் குளியல் துண்டை மடித்துச் செய்த இரண்டு அன்னங்கள், சுற்றிலும் சிவப்பு இதழ்கள். எடுத்துப் பார்த்தேன். துணி. ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. எத்தனை ஜோடிகள் படுத்து எழுந்த இதழோ என்று நினைத்ததும் ஆசை பாதி போய்விட்டது. ஏரி எங்கே என்றால், சாய்ந்த கூரையில் ஒரு கண்ணாடி ஜன்னல். இவர் ஆறடி. நுனிக்காலில் நின்று எக்கி, "தெரியுதே, நல்லாத்தான் தெரியுது" என்றார். நான் நாற்காலி போட்டு ஏறினேன். இரண்டு கூரைகளுக்கு நடுவில், இரண்டு விரல் அகலத்துக்குத் தண்ணீர். ஏரி தெரியும் என்று எழுதியது பொய்யில்லை. உட்கார்ந்தபடி தெரியுமா என்று நான் கேட்காமல் விட்டது தப்பு. நீங்கள் கேளுங்கள், ஜன்னல் வழியாக எடுத்த படம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள்.

நாங்கள் குடிப்பதில்லை என்றதும் அந்த அம்மா ப்ரொசெக்கோவை எடுத்துக்கொண்டு எல்டர்பூ பானம் கொண்டுவந்து வைத்தார். விலை வித்தியாசம் பற்றிப் பேச்சே இல்லை, எனக்கும் கேட்கக் கூச்சம்.

முதல் ராத்திரி இன்னொரு பாடம். ரயில் தாமதம், குளித்துக் கிளம்பும்போது எட்டரை தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, மார்ச் கடைசி. நுழைந்த இரண்டு பப்பிலும் அடுப்பை அணைத்துவிட்டார்கள். இந்த ஊர்களில் எட்டு மணிக்குள் சாப்பிட உட்கார்ந்துவிட வேண்டும். பையில் நான் கட்டி எடுத்துவந்த புளியோதரை இருந்ததோ, பிழைத்தோம். வாசனை தங்கிவிடுமே என்று அந்தக் கூரை ஜன்னலைத் திறந்து வைத்து, கோட்டு போட்டுக்கொண்டு, துணி ரோஜாவை ஒதுக்கிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். டப்பாவின் அடியில் இருந்த வேர்க்கடலைக்குச் சண்டை. சிரித்துப் புரையேறியது. பேக்கேஜ் செய்யாத வேலையை அந்தப் புளியோதரை செய்தது.

மறுநாள்தான் நாங்கள் வந்ததற்கே அர்த்தம் கிடைத்தது. வின்டர்மியர் ஸ்டேஷனுக்கு எதிரில் சாலையைத் தாண்டினால் ஓரெஸ்ட் ஹெட் குன்றுக்குப் பாதை தொடங்குகிறது. மரங்களுக்கு நடுவே அரை மணி நேர ஏற்றம், என் முட்டிக்கே தாங்கியது. 1930இல் பிளாக்பர்னிலிருந்து வந்த வெயின்ரைட் என்ற இருபத்து மூன்று வயது இளைஞர் முதன்முதலாக இந்த ஏரிகளைப் பார்த்தது இந்த உச்சியிலிருந்துதான். பிறகு வாழ்நாள் முழுக்க இந்த மலைகளை நடந்து வரைந்து புத்தகங்களாகப் போட்டார். மேலே போனதும் எனக்கு அது புரிந்தது. சுமார் 17 கிலோமீட்டர் நீள வின்டர்மியர் ஏரி காலடியில் கிடக்கிறது, அந்தப் பக்கம் லாங்டேல் மலைகள், தெற்கே கடல் மினுமினுப்பு. பெஞ்சில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மேகம் ஏரியின் வடக்கு முனையிலிருந்து மெல்ல நகர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மழை எங்களைத் தொடுவதற்குள் கோட்டுத் தொப்பியைப் போட்டுக்கொள்ளும் அளவுக்கு நேரம் இருந்தது. இதற்கு டிக்கெட் கிடையாது.

'மியர்' என்றாலே பழைய ஆங்கிலத்தில் ஏரிதான். ஆக 'வின்டர்மியர் ஏரி' என்பது நம்ம 'நடுசென்டர்' மாதிரி. இத்தனை ஏரிகளில் பெயரிலேயே முறையாக 'லேக்' என்று இருப்பது பாஸன்த்வெயிட் ஒன்றுக்குத்தானாம்.

மத்தியானம் போனஸ் படகுத்துறையிலிருந்து ஆம்பிள்சைடுக்குப் படகு. (ஊர் பெயரைக் கேட்டதிலிருந்து இவர், "கம்பெனி தராததை நீ கூட்டிட்டு வந்து காட்டற" என்று ஒரே பாட்டு.) அரை மணி நேரம், மேல்தட்டில் குளிர் காதைப் பிய்த்தது, ஆனாலும் கீழே போகாதீர்கள். ஆம்பிள்சைடிலிருந்து 555 பேருந்து. ரைடல் ஏரியை ஒட்டியே போய்க் கிராஸ்மியரில் இறக்கிவிடுகிறது. ஒரு பக்கப் பயணம் இப்போதைக்கு அதிகபட்சம் 3 பவுண்டு. கார் எடுத்திருந்தால் பார்க்கிங் தேடியே மனக்கசப்பு வந்திருக்கும். இவர் ஓட்டும்போது வழி சொல்வது நான்.

கிராஸ்மியரில் தேவாலயத்தின் ஓரம், ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்த குட்டிக் கட்டடத்தில் 1854 முதல் ஜிஞ்சர்பிரெட் விற்கிறார்கள். கேக்கும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. கடித்தால் மணல்போல உதிர்ந்து, மெல்லும்போது இழுத்துக்கொண்டு, கடைசியில் தொண்டையில் சுரீரென்று. எங்கள் பாட்டி கிளறும் இஞ்சி மரப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டு பொட்டலம் வாங்கி, பின்னாலேயே கல்லறைத் தோட்டத்தில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் கல்லைத் தேடிப் பார்த்தோம். அவர் இறந்த வருஷம் 1850 என்று வெட்டிய, அலங்காரமே இல்லாத ஒரு சாம்பல் கல். பக்கத்தில் டாஃபடில் பூத்திருந்தது. அது துணி இல்லை என்று தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டார் இவர்.

காலை உணவைக் குறை சொல்ல முடியாது. காளான், தக்காளி, முட்டை எல்லாம் சொன்ன பிறகே சூடாகச் செய்து தந்தார்கள். தட்டில் கறுப்பு வட்டமாக ஒன்று வந்தால் சைவக்காரர்கள் கவனம், பிளாக் புட்டிங் பன்றி ரத்தத்தில் செய்வது.

போகிறவர்களுக்கு: வார இறுதியில் பல இடங்களில் இரண்டு இரவுக்குக் குறைந்து தருவதில்லை. நாங்கள் ஞாயிறு முதல் செவ்வாய் வரை போட்டதில் வாடகையும் குறைந்தது, கூட்டமும் இல்லை. ஞாயிறு தண்டவாள வேலை நடக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து ஆக்ஸன்ஹோம், அங்கே மாறி வின்டர்மியர். அறை ஸ்டேஷனுக்கோ படகுத்துறைக்கோ நடக்கிற தூரத்தில் இருந்தால் போதும். ஏரிக்கு என்று தனிக் காசு வேண்டாம், அது வெளியே தாராளமாகக் கிடக்கிறது.

இல்லத்துக்கு ஐந்துக்கு மூன்று. பேக்கேஜுக்கு ஒன்று, அதுவும் அந்தப் பன்னிரண்டு மணிக்காக. செவ்வாய்க்கிழமை பத்தரை வரைக்கும் தூங்கினோம். அடுத்த தடவை இதழெல்லாம் வேண்டாம், அந்த இரண்டு மணி நேரத்தை மட்டும் தனியாகக் கொடுப்பார்களா என்று கேட்டு மெயில் போடச் சொல்கிறார் இவர்.