ஹான்லே "பால்வீதி கேரண்டி" பேக்கேஜ்: பணம் கட்றதுக்கு முன்னாடி இத படிங்க

லடாக்ல ஹான்லேக்கு நட்சத்திரம் பாக்க போற பிளான்ல இருக்கறவங்களுக்குதான் இந்த பதிவு. கம்பெனி பேர் இப்ப போடல, கம்ப்ளைன்ட் ஓடிட்டு இருக்கு. சென்னைல ஆபீஸ், இன்ஸ்டால ஊதா கலர்ல பால்வீதி போட்டோவா போட்டுத் தள்றாங்க. (கேமராவ பல செகண்ட் திறந்து வச்சு எடுக்கற போட்டோ அது, நம்ம கண்ணுக்கு அந்த கலரெல்லாம் தெரியாது.)

ஃபிளைட் இல்லாம தலைக்கு 38,000. லடாக்கோட பெரிய ஊரான லேல இருந்து வண்டி, ஹான்லேல ஒரு ராத்திரி, கூடவே ஒரு "அஸ்ட்ரானமி எக்ஸ்பர்ட்". செப்டம்பர் கடைசில ஒரு தேதிக்கு மட்டும் ஆஃபர்னு சொன்னாங்க. ஏன் ஆஃபர்னு அங்க போய் நின்னப்பதான் தெரிஞ்சுது, அன்னைக்கு பௌர்ணமி.

ஊரே பகல் மாதிரி இருக்கு, பால்வீதி எங்க சார்னு கேட்டா "ரெண்டு மணிக்கு நிலா இறங்கிடும், வெயிட் பண்ணுங்க"ன்றாரு எக்ஸ்பர்ட். பௌர்ணமி நிலா சாயங்காலம் ஏறி விடியறப்பதான் இறங்கும்னு ஸ்கூல் பையனுக்கே தெரியும். அதுக்கு முன்னாடி இருட்டினதும் தலைக்கு நேர் மேல பளிச்சுனு நின்ன அபிஜித் (வேகா) நட்சத்திரத்த காட்டி துருவ நட்சத்திரம்னாரு, ஹான்லேல துருவ நட்சத்திரம் வடக்க சுமார் 33 டிகிரி உயரத்துலதான் நிக்கும், அவ்ளோ பிரகாசமும் கிடையாது. கைல ஒரு பச்சை லேசர், போன்ல ஒரு ஆப், அதான் மொத்த அஸ்ட்ரானமி.

இதவிட மோசம், லேல இறங்கின மறுநாளே மேல கூட்டிட்டு போய்ட்டாங்க. லேவே 3,500 மீட்டர் உயரம், ஹான்லே அப்சர்வேட்டரி 4,500 மீட்டர். லேல குறைஞ்சது ரெண்டு நாள் ரெஸ்ட் எடுக்காம ஏறக்கூடாது. எங்க குரூப்ல ஒரு அக்கா வழி முழுக்க வாந்தி, தலைவலி தாங்க முடியல. வண்டில ஆக்சிஜன் சிலிண்டர் இருக்குன்னாங்க. இருந்துச்சு, காலி.

கடைசில காப்பாத்துனது பக்கத்து ஹோம்ஸ்டே. 2022ல ஹான்லேவ டார்க் ஸ்கை ரிசர்வ் (ராத்திரி வானம் இருட்டா இருக்க விளக்கு வெளிச்சத்த கட்டுப்படுத்தற பகுதி) ஆக்கினப்புறம் அந்த ஊர்க்காரங்களுக்கே ட்ரெய்னிங்கும் டெலஸ்கோப்பும் குடுத்து அஸ்ட்ரானமி அம்பாசடர்னு வச்சிருக்காங்க, அதுல ஒருத்தர்தான் சனி வளையம் காட்டினாரு, நிலா வெளிச்சத்துலயும் அது தெரியும். "ஏன் சார் இந்த தேதில வந்தீங்க, அமாவாசைக்கு வந்திருக்கலாமே"ன்னு அவரே பாவப்பட்டாரு. நேரா ஹோம்ஸ்டேல தங்கி இவங்கள புடிங்க, நடுவுல எவனும் தேவையில்ல. தேதி அமாவாசைய ஒட்டி நாலஞ்சு நாள் முன்னபின்ன இருக்கட்டும், வீட்டு டெய்லி காலண்டர்ல பாத்தாலே போதும்.

ரீஃபண்ட் கேட்டா "வானம் இயற்கை சார், டெர்ம்ஸ்ல இருக்கு"ன்றாங்க. மேகம் வந்தா இயற்கை, ஒத்துக்கறேன். அன்னைக்கு ஒரு துண்டு மேகம் கூட இல்ல, பௌர்ணமி என்னைக்குன்னு அடுத்த வருஷத்து காலண்டர்லயே போட்டு விக்கறாங்களே. கன்சூமர் ஹெல்ப்லைன் நம்பர் 1915க்கு அடிச்சு கம்ப்ளைன்ட் போட்டேன், அப்புறம்தான் போன் வந்துச்சு, பாதி பணம் தரோம் ரிவ்யூவ எடுத்துடுங்கன்னு. எடுக்கல, முழுசா வரட்டும்.