மழையில் ஏழு மணிக்கு வீடு சேர்வது எப்படி? ஊட்டி–குன்னூர் சாலைக்கு நான்கு வழிகள்

ஒரு போக்குவரத்துத் திட்டம் தேறுமா தேறாதா என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது. ஜூலை மாதம், மாலை ஏழு மணி. மழை தூறிக்கொண்டிருக்கிறது, மேகம் ரோட்டுக்கு இறங்கிவிட்டது. அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா மளிகைப் பையோடு எல்லநள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறார். யாருக்கும் போன் போட்டு வண்டி எடுத்துவரச் சொல்லாமல் அவரால் வீடு போய்ச் சேர முடியுமா?

இன்றைக்கு முடியாது. அதனால்தான் வீட்டுக்கு வீடு முதலில் ஒரு ஸ்கூட்டர் வந்தது, அப்புறம் கார் வந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் மேட்டிலிருந்து மெயின் ரோட்டுக்குத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு குறுக்குப் பாதை இருந்தது. பத்து நிமிடத்தில் இறங்கிவிடுவோம். அந்த இடத்தை வாங்கிய ஒருவர் வேலி போட்டார், பாதை போனது. இப்போது தார் ரோட்டைச் சுற்றித்தான் வர வேண்டும். தூரம் மூன்று மடங்கு, ஓரத்தில் ஒதுங்க இடமில்லை, வளைவுக்கு வளைவு ஹாரன் சத்தம்.

ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே லவ்டேல், கேத்தி, எல்லநள்ளி, அருவங்காடு, வெலிங்டன் என்று ஊர்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. வீடுகள் நடுவில் பெருகுகின்றன. ஆஸ்பத்திரி, மார்க்கெட், ஆபீஸ் எல்லாம் இரண்டு முனைகளில். அமெரிக்காவின் புறநகர்களில் இதே நிலைமையைச் சட்டம் போட்டே உண்டாக்கினார்கள்: இந்தப் பக்கம் வீடு மட்டும், அந்தப் பக்கம் கடை மட்டும், ஒவ்வொரு கட்டடத்துக்கும் இத்தனை கார் நிறுத்த இடம் கட்டாயம். பால் வாங்கவும் கார் எடுக்க வேண்டியதாயிற்று. நம் மலையில் சரிவும், சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் காட்டேஜும் சேர்ந்து அதே வேலையைச் செய்கின்றன.

இதற்கு நான்கு மருந்துகள் பேசப்படுகின்றன. நாலையும் அந்த அம்மாவை மனதில் வைத்தே பார்க்கிறேன்.

முதல் வழி: ரோட்டை அகலமாக்கு, பார்க்கிங் கட்டு

அதிகம் கேட்கும் கோரிக்கை இதுதான். வியாபாரிகளும் கேட்கிறார்கள், மூன்று மணி நேரம் நெரிசலில் நின்ற சுற்றுலாப் பயணியும் கேட்கிறார். அவர்கள் கஷ்டம் நிஜம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் வேண்டும். 6,000 கார் என்றால் வண்டி உள்ளே வந்து திரும்பும் வழியைச் சேர்க்காமலே 18 ஏக்கருக்கு மேல். ஊட்டி டவுனுக்குள் சமதளம் என்று காட்டக்கூடியவை ஏரி ஓரமும், 52 ஏக்கர் சொச்சம் இருக்கும் ரேஸ்கோர்ஸும்தான். ரேஸ்கோர்ஸை 2024-ல் அரசு கையில் எடுத்தபோது பூங்கா என்றுதான் பேச்சு வந்தது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கார் நிறுத்தக் கொடுப்பதா?

அகலப்படுத்துவது இன்னும் ஆபத்தானது. இங்கே ரோட்டை அகலமாக்குவது என்றால் ஒரு பக்கம் மண்ணை வெட்டுவது, மறுபக்கம் தடுப்புச்சுவர் எழுப்புவது. 1993-ல் மரப்பாலத்திலும், 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கத்திலும் நடந்த நிலச்சரிவைப் பார்த்தவர்களுக்கு, வெட்டிய சரிவு மழையில் என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. இவ்வளவுக்குப் பிறகும் நம் அம்மாவுக்குக் கிடைப்பது, வேகமாக வரும் வண்டிகளுக்கு நடுவே இன்னும் அகலமான ஒரு ரோட்டைக் கடக்கும் வேலை. இந்த வழி எனக்கு வேண்டாம்.

இரண்டாவது வழி: இ-பாஸும் வண்டி எண்ணிக்கைக் கட்டுப்பாடும்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது ஆன்லைனில் முன்பே வாங்கும் அனுமதி, வந்தது. 2025 கோடைக்கு ஒரு படி மேலே போய், நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பு வைத்தார்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வண்டிக்கு நாலு பேர் என்று வைத்தாலும் ஒரு சனிக்கிழமை 32,000 பேர் மேலே ஏறலாம். 2011 கணக்கெடுப்பில் ஊட்டி நகரத்தின் மக்கள்தொகையே 88,430. ஆக, வரம்பு ஒன்றும் கஞ்சத்தனமானது இல்லை.

இதை நான் ஆதரிக்கிறேன். வண்டி குறைந்தால் பஸ் நேரத்துக்கு வரும், ரோட்டோரம் நடக்கிற பயம் கொஞ்சம் குறையும். ஆனால் இது வெளியூர் வண்டிக்கான கதவு. டி.என். 43, அதாவது நீலகிரிப் பதிவெண் உள்ள வண்டிக்குப் பாஸ் வேண்டாம். வேண்டும் என்று சொல்லவும் முடியாது, வேறு வழி வைக்காமல் நம் ஆட்களைத் தடுப்பது அநியாயம். ஜூலை மாலை ஏழு மணிக்கு எல்லநள்ளியில் நிற்கும் அம்மாவுக்கு இ-பாஸ் எதுவும் செய்வதில்லை. மற்ற வழிகள் வேலை செய்ய இது இடம் உண்டாக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது வழி: பஸ்ஸும் ரயிலும்

ஊட்டி–குன்னூர் வழி பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு வாஷிங்டன் பக்கத்தில் உள்ள ஆர்லிங்டன் நினைவுக்கு வரும். அங்கே மெட்ரோ வரப்போகிறது என்றபோது, நெடுஞ்சாலை நடுவே மலிவாகப் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை இருந்தது. உள்ளூர் நிர்வாகம் ஒப்புக்கொள்ளவில்லை, பழைய கடைத்தெருவுக்கு அடியில்தான் வர வேண்டும் என்று நின்றார்கள். 1979-ல் ரயில் ஓடத் தொடங்கியது. வரிசையாக ஐந்து நிலையங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி நடக்கிற தூரத்துக்குள் கடை, ஆபீஸ், அடுக்குமாடி. தள்ளிப் போகப் போக உயரம் குறைந்து பழைய வீடுகள் அப்படியே.

நம் நீலகிரி மலை ரயிலில் குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி என்று ஆறு நிலையங்கள் இருக்கின்றன, அதுவும் 1908-லிருந்து. இந்த 18 கிலோமீட்டர் பகுதியில் செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் பிடித்து ஏறும் பல்சக்கரமும் கிடையாது, அது கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில்தான். டீசல் எஞ்சின் ஓடுகிறது. பார்த்தால் தயாராக இருக்கும் புறநகர் ரயில் மாதிரியே தெரியும்.

நானும் வெகுநாள் ரயில் கட்சிதான். இப்போது இல்லை. ஒற்றைப் பாதை, மீட்டர் கேஜ், ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணும் நடைகள், குன்னூரிலிருந்து ஊட்டி போக ஒரு மணி நேரத்துக்கு மேல். 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பாதையில் நினைத்தபடி கை வைக்கவும் முடியாது. காலையில் ஒரு நடையும் மாலையில் ஒரு நடையும் பள்ளி, வேலை நேரத்துக்குப் பொருந்துகிற மாதிரி, உள்ளூர்க்காரர்களுக்கென்று சீட்டு ஒதுக்கி விட்டால் பெரிய உதவி. அதற்கு மேல் அந்தச் சின்ன ரயிலின் தோளில் ஏற்றுவது சரியில்லை.

பஸ் அப்படி இல்லை. ரோடு இருக்கிறது, டிப்போ இருக்கிறது, ஊட்டியிலும் குன்னூரிலும் பஸ் ஸ்டாண்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சமவெளியில் 2021-ல் தொடங்கிய மகளிர் இலவசப் பயணம் 2024-ல் மலைக்கும் வந்துவிட்டது. குறை டிக்கெட் விலையில் இல்லை, காத்திருப்பில் இருக்கிறது. அடுத்த பஸ் எப்போது என்று தெரியாமல் மழையில் அரை மணி நேரம் நின்றவர் மறுமாதம் தவணையில் ஸ்கூட்டர் எடுக்கிறார். கால் மணிக்கு ஒரு பஸ், அதுவும் இரவு ஒன்பது வரை கண்டிப்பாக உண்டு என்றால் யாரும் நேரப் பட்டியலைத் தேட வேண்டியதில்லை. மெயின் ரோட்டில் பெரிய பஸ், அதிலிருந்து ஹட்டிகளுக்கும் (படுகர் ஊர்கள்) எஸ்டேட் லைன்களுக்கும் (தொழிலாளர் குடியிருப்புகள்) சின்ன பஸ். சீசனில் சுற்றுலா இடங்களைச் சுற்றி ஓடுகிற சர்க்யூட் பஸ் இந்த ஊர்களில் என்ன முடியும் என்று ஏற்கெனவே காட்டிவிட்டது. அது பயணிக்கு மே மாதம் கிடைக்கிறது. உள்ளூர்க்காரருக்கு ஜூலையில் கிடைக்க வேண்டும்.

சரி, பஸ் வந்துவிட்டது. அம்மா இறங்கிவிட்டார். வீடு இன்னும் மேலே இருக்கிறதே?

நான்காவது வழி: நில உபயோகமும் படிக்கட்டும்

மற்ற மூன்று வழிகளைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு இதுதான் முக்கியம்.

நகரத் திட்டக்காரர்கள் பஸ் நிறுத்தத்தைச் சுற்றி 400 மீட்டர் வட்டம் போடுவார்கள், ஐந்து நிமிட நடை. அந்த வட்டத்துக்குள் வீடும் கடையும் நெருக்கமாக வர விட வேண்டும் என்பார்கள். சமவெளிக்கு நல்ல விதி. மலைக்கு அப்படியே எடுத்துவந்தால் தப்பாகிவிடும். 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மலை நடைக்கு ஒரு கணக்குச் சொன்னார். சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவருக்கு, 600 மீட்டர் உயரம் ஏற இன்னொரு மணி நேரம் கூடுதலாக வேண்டும். அதாவது 40 மீட்டர் ஏற்றம் நாலு நிமிடத்துக்குச் சமம். படியில் சொன்னால் 260 படிக்கு மேல். அது திடமான ஆளுக்கான கணக்கு, மளிகைப் பை தூக்கிய அம்மாவுக்கானது இல்லை.

ஆகவே நம் ஊரில் நடக்கக்கூடிய பகுதி வட்டமாக இருக்காது. ரோடு போகும் மட்டத்திலேயே இரண்டு பக்கமும் நீண்டு, மேலும் கீழும் ஒடுங்கிய பட்டையாக இருக்கும். எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளானில் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம் என்று நிறம் அடிக்கும்போது இந்தப் பட்டையைத்தான் கலப்புக் குடியிருப்பாக்க வேண்டும். கீழே மருந்துக்கடை, மளிகை, கிளினிக், தையல் கடை. மேலே வீடு. நீலகிரியில் 7 மீட்டர் உயர வரம்பு இருப்பதால் ஆர்லிங்டன் மாதிரி அடுக்கிக் கட்ட முடியாது, கட்டவும் கூடாது. தரைத்தளமும் ஒரு மாடியும் போதும். பட்டைக்கு வெளியே சரிவிலும் சதுப்பிலும் புதுக் கட்டடத்துக்கு இப்போதைய கட்டுப்பாடு அப்படியே இருக்கட்டும், இன்னும் இறுகினாலும் நல்லதுதான்.

இங்கே ஓர் ஆதங்கம் இருக்கிறது. குடியிருப்பு என்று அனுமதி வாங்கிய வீடு காட்டேஜாக மாறுவது மலையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒவ்வொரு காட்டேஜும் வாசலுக்கு நாலு காரை இழுக்கிறது. அதே தெருவில் ஒரு பொட்டிக்கடை வந்தால் நாற்பது வீட்டின் கார் பயணம் மிச்சமாகும். காட்டேஜை விட்டுவிட்டுக் கடையைத் தடுக்கிற விதி தலைகீழான விதி. கடைக்குக் கட்டாய பார்க்கிங் கேட்பதும் அப்படித்தான். இரண்டு கார் நிற்கிற இடத்தில் ஒரு சின்னக் கடையே வந்துவிடும். அமெரிக்காவில் பஃபலோ நகரம் அந்தக் கட்டாயத்தை 2017-ல் ஊர் முழுக்க எடுத்துவிட்டது.

அடுத்தது படிக்கட்டு. நடைபாதைக்கு 1.8 மீட்டர் தெளிவான அகலம் வேண்டும் என்று சாலைகளுக்கு அளவுகள் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பு சொல்கிறது. எங்கள் ரோட்டில் பல இடத்தில் பாதி அகலம்கூடத் தேறாது. ஆனால் குறுக்குப் படிக்கட்டுக்கு அந்த ரோடே வேண்டாம். இருக்கிற பழைய பாதைகளை நில ஆவணத்தில் பொதுப்பாதையாகப் பதிந்து, வழுக்காத கல், ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி, நாற்பது படிக்கு ஒரு திண்ணை, மழைநீர் போக ஓரக் கால்வாய். விளக்கு கட்டாயம் வேண்டும். இங்கே இரவில் படியில் எதிரே வருவது காட்டெருமையாகவும் இருக்கலாம், கரடியாகவும் இருக்கலாம். இரண்டு பக்கமும் உண்ணிச்செடியை வெட்டி, வளைவில் பத்து மீட்டர் முன்னாலேயே தெரிகிற மாதிரி தாழ்ந்த விளக்குகள் போட வேண்டும். படிக்கட்டின் அடியில் குப்பைத்தொட்டி வைக்கவே கூடாது, கரடியை அழைப்பதே அதுதான்.

சிம்லாவில் கார்ட் ரோட்டிலிருந்து மால் ரோட்டுக்கு லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். குன்னூரில் கீழ் பஜாருக்கும் மேல் குன்னூருக்கும் நடுவே அப்படி ஒன்று வந்தால் முதியவர்களுக்குப் பெரிய வரம். மகாராஷ்டிராவில் உள்ள மலையூரான மாதேரான் மாதிரி ஊரையே கார் இல்லாமல் ஆக்கலாமே என்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். மாதேரான் ஒரு சின்ன ஊர். 2011-லேயே நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டது. நமக்குப் பொருந்துவது சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் செய்கிற வேலையில் பாதி. அங்கே காரை 5 கிலோமீட்டர் கீழே டேஷ் என்ற ஊரில் விட்டுவிட்டு ரயிலில் ஏறுகிறார்கள். நாம் மேட்டுப்பாளையத்தில் பெரிய பார்க்கிங் கட்டி, அங்கிருந்து பஸ் விடலாம். முதல் வழி கேட்டவர்களுக்கு நான் விட்டுக்கொடுக்கிற ஒரே பார்க்கிங் அதுதான்.

என் வரிசை இது: முதலில் படிக்கட்டும் விளக்கும், ஒரே ஆண்டில், வார்டு நிதியிலேயே தொடங்கக்கூடியது. கூடவே கால் மணிக்கு ஒரு பஸ். இ-பாஸ் தொடரட்டும். நில உபயோக மாற்றத்துக்குப் பத்து வருடம் பிடிக்கும், அதனால் அந்தப் பேச்சை இப்போதே தொடங்க வேண்டும்.

எங்கள் பகுதி சபைக் கூட்டத்துக்கு நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். மூடிய குறுக்குப் பாதையை சர்வே செய்து திறக்கச் சொல்லி. முப்பத்தொரு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் பத்தொன்பது பேரிடம் கார் இருக்கிறது.