ஷெல்எக்ஸ்டி: வேகம் சரி, பெயர் வைப்பதில்தான் கோளாறு

பினாங்கின் ஈரக் காற்றில் ஒரு நல்ல படிகம் வளர்ப்பதற்குள் உயிர் போய்விடும். ஆனால் எக்ஸ்ரே தரவு கைக்கு வந்துவிட்டால் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. மிச்சத்தை ஷெல்எக்ஸ்டி பார்த்துக்கொள்ளும். எக்ஸ்ரே தரவை வைத்துப் படிகத்துக்குள் எந்த அணு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, ஜெர்மனியின் கொட்டிங்கனில் இருந்த ஜார்ஜ் ஷெல்டிரிக் எழுதிய மென்பொருள். 2015இல் அதன் கட்டுரை வந்தது. கல்வி ஆய்வுக்குப் பதிவு செய்தால் போதும், ஒரு சென் கூடச் செலவில்லை.

எக்ஸ்ரே படிகத்தில் பட்டுச் சிதறி விழும் புள்ளிகள்தான் விளிம்பு விளைவுத் தரவு. அதில் புள்ளிகளின் செறிவுதான் கிடைக்கும், கட்டம் (அலை ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் வந்தது என்பது) கிடைக்காது. அங்கேதான் எல்லாச் சிக்கலும். 1985இல் ஹாப்ட்மனுக்கும் கார்லுக்கும் நோபல் வாங்கித்தந்த, செறிவிலிருந்தே கட்டங்களைக் கணக்கிடும் நேரடி முறைகளில் ஓட்டும்போது, ஸ்பேஸ் குரூப்பை, அதாவது படிகத்தின் சமச்சீர் வகையை, நாம்தான் முதலில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் போச்சு. ஷெல்எக்ஸ்டி தலைகீழாகப் போகிறது: சமச்சீரே இல்லாத பி1 என்ற ஸ்பேஸ் குரூப்பில் முதலில் கட்டங்களைப் பிடித்து, அப்புறம் அவற்றை வைத்து ஸ்பேஸ் குரூப்பைத் தேர்வு செய்கிறது. இந்த யோசனைக்கே முழு மதிப்பெண் தரலாம்.

அண்மையில் ஒரு செம்புச் சேர்மத்தை, இந்த மென்பொருள்களை இயக்க உதவும் ஓலெக்ஸ்2 வழியாக ஓட்டினேன். கறுப்புத் திரையில் எண்கள் ஓடி முடிந்ததும் ஸ்பேஸ் குரூப் பி21/சி என்று சொன்னது, சரிதான். செம்பும் சரியான இடத்தில் இருந்தது. ஆனால் அதிலிருந்து 2 ஆங்ஸ்ட்ராம் தள்ளியிருந்த பிரிடின் நைட்ரஜனுக்குக் கார்பன் என்று பெயர் வைத்திருந்தது! இரண்டுக்கும் ஒரே ஒரு எலக்ட்ரான்தான் வித்தியாசம், எக்ஸ்ரேக்குத் தெரிவதும் எலக்ட்ரான்தானே. கிடைத்த அமைப்பைத் தரவோடு பொருத்திச் சீர்செய்யும்போது, அணுவின் அதிர்வைக் காட்டும் நீள்வட்டம் அந்த அணுவுக்கு மட்டும் பக்கத்து அணுக்களைவிடச் சுருங்கி நின்றது. நைட்ரஜன் என்று மாற்றியதும் மற்றவற்றோடு ஒத்துப்போனது. வேதியியல் தெரியாமல் முதல் விடையை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். ஹைட்ரஜன்களையும் இது தேடாது, சீர்செய்யும் மென்பொருளான ஷெல்எக்ஸ்எல்லில் நாம்தான் சேர்க்க வேண்டும்.

இரட்டைப் படிகம் (வெவ்வேறு திசையில் ஒட்டி வளர்ந்தது) என்றால் இது திணறும். தூள் தரவுக்கு வேண்டவே வேண்டாம். அந்த மாதிரி நேரத்தில் நான் சூப்பர்ஃபிளிப் என்ற இன்னொரு மென்பொருளுக்குப் போய்விடுவேன். ஹங்கேரியின் ஓஸ்லானியும் ஷூட்டோவும் 2004இல் சொன்ன முறையில் ஓடுவது அது: எலக்ட்ரான் அடர்த்தி ஒரு வரம்புக்குக் கீழே இருக்கும் இடங்களிலெல்லாம் குறியை மாற்றிப் போட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்றுகூட அதற்கு முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை.