குரோம்பேட்டை ரயிலில் எதைப் பிரிப்பது?

கல்லூரி முடியும்வரை வாரத்துக்கு இரண்டு புத்தகம் படித்தவன் நான். அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை, வீட்டுக்கடன் என்று ஆறேழு வருடம் ஒரு நாவலைக்கூட முழுசாக முடிக்கவில்லை. ஆனால் ஜனவரி வந்தால் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்ப் பை நிறைய வாங்கிவந்து அலமாரியில் அடுக்குவது மட்டும் நிற்கவே இல்லை. போன வருடம்தான் மறுபடி ஆரம்பித்தேன். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறிச் சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்க முக்கால் மணி நேரத்துக்கு மேலாகும், திரும்ப அதே அளவு. அந்த நேரத்தில் கைபேசி, மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில், ஒலிப்புத்தகம், அச்சுப் புத்தகம் நான்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

கைபேசிக்குத் தனிச் செலவே கிடையாது. மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் வைக்கிறது, ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையதளம் இருக்கிறது, நாட்டுடைமையான நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் கிடைக்கின்றன. சரக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் பழைய நூல்களில் பல ஸ்கேன் செய்த பிடிஎஃப். அந்தச் சின்னத் திரையில் பெரிதாக்கினால் வரியின் பாதி ஓடிப்போகும், சிறிதாக்கினால் கண் வலிக்கும், இரண்டுக்கும் நடுவே தள்ளாடிக்கொண்டிருக்கும்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் வந்து விழும். பல்லாவரம் தாண்டுவதற்குள் நான் புத்தகத்தைவிட்டு வெளியே வந்திருப்பேன். எனக்கு ஒத்துவரவில்லை.

காலை ரயிலில் கிண்டிலை அடிக்க ஆளில்லை. அந்த நேரத்தில் உட்கார இடம் கிடைக்காது, ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும், மறு கையில் தடித்த நாவலை வைத்துப் பக்கம் திருப்ப முடியுமா? கிண்டிலில் கட்டைவிரல் போதும். தாளில் அச்சடித்ததுபோலத் தெரியும் மின்மைத் திரை என்பதால் ஜன்னல் வெயிலிலும் எழுத்து தெரியும், ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் தாங்கும், நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். குறை என்னிடம்தான்: வாங்கியது கண்ணில் படுவதில்லை, படாதது நினைவில் இருப்பதில்லை. அலமாரியில் செய்த அதே தப்பை அதற்குள்ளும் செய்து வைத்திருக்கிறேன், தூசி மட்டும் இல்லை.

ஒலிப்புத்தகத்தில் நேரம் மிச்சமாகும் என்று நினைத்தது தப்புக்கணக்கு. முந்நூறு பக்க நாவலைக் கேட்டு முடிக்கப் பத்து மணி நேரம் பக்கம் வரும், கண்ணால் படித்தால் அதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் பாத்திரம் தேய்க்கும் நேரமும் துணி மடிக்கும் நேரமும் எப்படியும் போகிற நேரம்தானே. நெல்லைத் தமிழிலோ கொங்குத் தமிழிலோ எழுதிய கதையை, அந்தப் பேச்சு தெரிந்தவர் வாசித்தால் தாளில் கிடைக்காத ருசி. கட்டுரை நூல் மட்டும் வேண்டாம், ஒரு பெயரை விட்டுவிட்டுப் பின்னால் போய்த் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கேட்பதெல்லாம் வாசிப்பா என்று சண்டை பிடிப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: என் பாட்டிக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, கதாகாலட்சேபம் கேட்டே ராமாயணத்தைக் காண்டம் காண்டமாகச் சொல்லுவாள்.

சரி, அச்சுப் புத்தகம். இதில் சொந்தப் புத்தகம், நூலகப் புத்தகம் என்று இரண்டு சாதி. சொந்தப் புத்தகம் எங்கே போகப் போகிறது என்ற நிம்மதிதான் அதைப் படிக்கவிடாமல் செய்கிறது. கிளை நூலகத்துப் புத்தகம் அப்படியில்லை. உள்ளே ஒட்டிய சீட்டில் தேதி முத்திரை குத்தித் தருகிறார்கள், எங்கள் கிளையில் பதினைந்து நாள். அந்தத் தேதி என்னைத் துரத்துகிறது. ஆறு வருடத்தில் எந்தப் புத்தாண்டுச் சபதமும் செய்யாததை ஒரு ரப்பர் முத்திரை செய்துவிட்டது.

இன்னொரு விஷயம், நூலகத்துக்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டுகிறோம். 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்துவரி ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரி. அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்ட நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அவர் சொன்னது நூலகர்களுக்கு. எங்கள் கிளைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது, மொத்தமே நாலு அலமாரி என்பதால் எதை எடுப்பது என்று அரை மணி நேரம் திணற வழியே இல்லை. புது நூல்கள் தாமதமாகத்தான் வருகின்றன, சில புத்தகங்களில் கடைசிப் பக்கம் இருக்காது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆக இப்போதைக்குக் காலையில் கிண்டில், சமையலறையில் காது. சாயங்காலம் கடற்கரையில் வண்டி காலியாக நிற்கும், ஜன்னலோரம் உட்கார்ந்து நூலகப் புத்தகம். கையில் இருப்பதில் இன்னும் நூற்று நாற்பது பக்கம் பாக்கி. முத்திரையில் வெள்ளிக்கிழமைத் தேதி, அன்று எங்கள் நூலகத்துக்கு விடுமுறை, அதனால் வியாழனுக்குள் முடிக்க வேண்டும்.