இ-டோ-சியா, இவி2-ஏவா?

கலிபோர்னியாவின் மின் நிறுவனமான பிஜி அண்ட் இ-யின் வாடிக்கையாளர் நீங்கள், கூரையில் சோலார், வாசலில் மின்கார். இ-டோ-சி, இவி2-ஏ என்ற இரண்டு மின்கட்டணத் திட்டங்களில் எது நல்லது? 2023 ஏப்ரல் 14-க்குள் சோலாருக்கு விண்ணப்பித்தவர்களுக்குத்தான் இந்தத் தேர்வு. அப்புறம் வந்தவர்களுக்கு இ-எலெக் என்ற திட்டம்தான்.

இரண்டிலும் மாலை 4 முதல் 9 வரை விலை உச்சம். இ-டோ-சியில் மற்ற நேரமெல்லாம் ஒரே விலை, பேஸ்லைன் (வீட்டுக்கு ஒதுக்கிய அடிப்படை மின் அளவு) வரைக்கும் விலைக் கழிவும் உண்டு. இவி2-ஏவில் கழிவு கிடையாது. ஆனால் நள்ளிரவு 12 முதல் மதியம் 3 வரை யூனிட் நன்றாகவே மலிவு.

சிக்கல் அங்கேதான். உங்கள் பேனல் அதிகம் விளைவிப்பதும் அதே மலிவு நேரத்தில். கிரிட்டுக்கு அனுப்பும் யூனிட்டுக்கும் அந்தக் குறைந்த விலைதான் வரவு. இ-டோ-சியில் அதே மதிய யூனிட்டுக்குக் கூடுதல் வரவு.

தினமும் நெடுந்தூரம் ஓட்டி, இரவில் சார்ஜ் போடுகிறீர்களா? இவி2-ஏ. மேற்கு பார்த்த பேனல் என்றால் இன்னும் நல்லது, மாலை உச்ச விலை நேரத்திலும் அது விளைவிக்கும். கார் பெரும்பாலும் நின்றுகொண்டிருந்தால், என் ஓட்டு இ-டோ-சிக்கு.