இரண்டாவது வாக்கா, ஐந்து சதவீத விலக்கா?

மொழிச் சிறுபான்மையினரை அவைக்கு அனுப்ப ஸ்லோவேனியா இடத்தையே ஒதுக்கிவிடுகிறது. ஜெர்மனி தடையை மட்டும் விலக்கிவிட்டு, இடத்தை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறது.

ஸ்லோவேனியாவின் 90 பேர் அவையில் இத்தாலியருக்கும் ஹங்கேரியருக்கும் ஆளுக்கொரு இடத்தை அரசமைப்பே உறுதி செய்கிறது. 2002 கணக்கெடுப்பில் இத்தாலியர் என்று பதிந்தவர்கள் 2,258 பேர்தான். நம்மூரில் ஒரு கிராம ஊராட்சி அளவு. பிரான் துறைமுக நகரத்து இத்தாலியருக்கு இரண்டு வாக்கு. பொதுச் சீட்டில் பிடித்த வேட்பாளரின் எண்ணை வட்டமிடுவார். இன்னொன்றில் தம் சமூகத்து வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார்; வரிசைக்கேற்ப மதிப்பெண் கூட்டி வென்றவரை அறிவிப்பார்கள். சிறுபான்மையினரின் உரிமையை மட்டுமே தொடும் சட்டம் இந்த உறுப்பினர்களின் சம்மதமின்றி நிறைவேறாது. ‘அவர்களுக்கு மட்டும் இரண்டு வாக்கா?’ என்ற முணுமுணுப்பு நீதிமன்றம் வரை போனது. 1998இல் அரசமைப்பு நீதிமன்றம் இரட்டை வாக்கை ஏற்றது.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த இரண்டாவது வாக்குக்குத் தனி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தாக வேண்டும். நீ யார் என்ற கேள்வியைத் தாண்டித்தான் சாவடிக்குள் போக முடியும்.

டென்மார்க் எல்லையை ஒட்டிய ஜெர்மன் மாநிலமான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் அந்தக் கேள்வியே இல்லை. டேனியராக இருப்பது அவரவர் விருப்பம், அதிகாரிகள் அதைச் சோதிக்கக் கூடாது என்று மேற்கு ஜெர்மனி அரசு வெளியிட்ட 1955 பான் பிரகடனம் சொல்லிவிட்டது. ஜெர்மனியில் பொதுவாக 5 சதவீத வாக்கு பெறாத கட்சிக்கு அவையில் இடம் கிடையாது. டேனியர், இன்னொரு மொழிச் சிறுபான்மையினரான ஃப்ரீசியர் சார்பில் நிற்கும் தென் ஷ்லெஸ்விக் வாக்காளர் சங்கம் என்ற கட்சிக்கு இந்த வரம்பு பொருந்தாது. யாரும் அதற்கு வாக்களிக்கலாம். அதனால் கட்சி எல்லோரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 2012 மாநிலத் தேர்தலில் 4.6 சதவீதத்தோடு மூன்று இடம் பிடித்தது. 69 பேர் அவையில் சமூக ஜனநாயகக் கட்சி 22, பசுமைக் கட்சி 10, இவர்கள் 3: மொத்தம் 35. ஆட்சியே அந்த மூன்றில் நின்றது! விலக்கை எதிர்த்து வழக்கு வராமல் இருக்குமா? 2013இல் மாநில அரசமைப்பு நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2021இல் சுமார் 55,000 வாக்குகளோடு கூட்டாட்சி நாடாளுமன்றத்திலும் ஓர் இடம் கிடைத்தது.

என் ஓட்டு ஜெர்மன் வழிக்குத்தான். ஆனால் பிரான் இத்தாலியரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. வரம்பை அடியோடு எடுத்தாலும் 2,258 பேரை வைத்துக்கொண்டு ஓர் இடம்கூடத் தேறாது.